குஞ்சோடு இருக்கும் விரால்

மழை பிடித்து, ஏரிக்குப் புதுத் தண்ணீர் வந்து சில வாரம் ஆகியிருக்கும். காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியானாலும் சரி, குடியாத்தம் பக்கத்து ஊர்க்குட்டையானாலும் சரி, கோரைக்கு நடுவே கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர், உலையில் அரிசி கொதிப்பது போலப் பொடிப்பொடியாகக் கொப்பளிக்கும். அதன் அடியில் செந்நிறத் திட்டு ஒன்று மெல்ல நகரும். அத்தனையும் விரால் குஞ்சுகள். சற்றுக் கீழே பெரிய விரால் காவல் நிற்கும். தவளையைக் கோர்த்து அந்த இடத்தில் போட்டால் சட்டென்று அடிக்கும் என்பது தூண்டில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது பசியில் அடிப்பதில்லை. குஞ்சுகளுக்கு நடுவே வந்து விழுவது நிஜத் தவளையானாலும் ரப்பர் தவளையானாலும் அதற்கு எதிரிதான். மற்ற நாளில் அரை நாள் காத்திருந்தாலும் திரும்பிப் பார்க்காத மீன், இந்த நாட்களில் இரண்டாவது வீச்சிலேயே மாட்டுவது இதனால்தான். பிடிக்கிறவருக்குச் சுலபம், ஏரிக்கு வினை.

கொப்பளிப்புக்குக் காரணம் மூச்சு. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே ரத்த நாளங்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். மேலே வர விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். குஞ்சுகளும் வளர வளர இப்படி மேலே வந்தாக வேண்டும். வரும்போதெல்லாம் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் கண்ணில் படும். அதனால்தான் காவல்.

முட்டையிடும் முன் கோரைக்கு நடுவே செடிகளை ஒதுக்கி இடம் செய்துகொள்ளும். முட்டையில் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அப்புறம் பல வாரம் தகப்பனோ தாயோ, பல சமயம் இரண்டுமோ, கூடவே சுற்றும். ஆக, குஞ்சோடு இருக்கும் விராலைத் தூக்கினால் போவது ஒரு மீன் இல்லை, ஓர் ஈடு மொத்தமும்.

இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டது வட அமெரிக்காவில், பாஸ் என்ற மீனை வைத்து. விராலுக்கு அது தூரத்துச் சொந்தம்தான், ஆனால் அதிலும் ஆண் மீன் கூட்டைக் காக்கும். ஆணைத் தூண்டிலில் எடுத்துவிட்டுக் கூட்டைக் கவனித்தார்கள். சில நிமிடங்களிலேயே சின்ன மீன்கள் நுழைந்து முட்டையைத் தின்ன ஆரம்பித்தன. பிடித்த ஆணைத் திரும்ப விட்டாலும், வெளியே இருந்த நேரம் கூடக் கூட அது கூட்டைக் கைவிடுவதும் கூடியது.

இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஒரே வருடத்தில் நான்கு முறையும் அதற்கு மேலும் மாட்டிய மீன்களைத் தனியாகவும், ஒரு தடவைகூட மாட்டாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய விட்டார்கள். மூன்று தலைமுறைக்குள் இரண்டு வம்சமும் பிரிந்துவிட்டன. எளிதில் மாட்டும் குணம் பிள்ளைகளுக்கும் வந்தது. 2009இல் இது வெளியானது. எளிதில் மாட்டும் ஆண்கள்தான் குஞ்சை முனைப்பாகக் காக்கிறவை என்பதும் அந்த வம்சங்களை ஆராய்ந்ததில் தெரிந்தது. அப்படியானால், வருடா வருடம் தூண்டில் பொறுக்கி எடுப்பது நல்ல தகப்பன்களை! நம் விராலுக்கும் இதே கதை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நம் ஊர்த் தவளைத் தூண்டில் தேடிப் போவதும் காவல் நிற்கும் மீனைத்தானே?

சரி, பிடித்துவிட்டு விட்டுவிட்டால்? 1992இல் கனடாவில், துரத்திக் களைக்க வைத்த டிரவுட் மீன்களைச் சோதித்தார்கள். காற்றில் வைக்காமல் விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. ஒரு நிமிடம் காற்றில் வைத்தவற்றில் 72 சதவீதம். காற்றை விழுங்கத் தெரிந்த விராலுக்கு அந்த ஆபத்து குறைவு. அதன் குஞ்சுகளுக்கு அப்படி இல்லை. காவல் இல்லாத ஐந்து நிமிடமே அதிகம்.

எல்லா மீனுக்கும் இந்தக் கவலை வேண்டாம். கட்லா, ரோகு எல்லாம் ஓடும் ஆற்று நீரில் இனப்பெருக்கம் செய்கிறவை, ஏரியில் பெருகாது. மீன் விஞ்ஞானி ஹிராலால் சௌதுரி 1957இல் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் பண்ணைக் குஞ்சை வாங்கி ஏரியில் விடுவது சாத்தியமானது. விட்டதைப் பிடிக்கிறோம், திரும்ப விடுகிறோம். 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி மீனுக்கோ தாயே குஞ்சை வாயில் வைத்துக் காப்பாற்றும். எவ்வளவு பிடித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கிப் பிடிப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு வருத்தமில்லை. வற்றப்போகும் தண்ணீரில் கட்லா எப்படியும் பிழைக்காது. விரால் மட்டும் சேற்றில் புதைந்து, உடம்பு காயாமல் இருக்கும்வரை மழைக்குக் காத்திருக்கும். மதகுக்கு முன்னால் கடைசியாக வற்றும் பள்ளத்தைக் கலக்காமல் விட்டால், புதுத் தண்ணீர் வரும்போது முட்டையிட அங்கே சில ஜோடியாவது இருக்கும். ஏரியைக் குத்தகைக்கு விடும்போது ஊர் பேச வேண்டியது இந்தப் பள்ளத்தையும், செங்குஞ்சு தெரியும் வாரங்களில் தவளைத் தூண்டிலை நிறுத்தி வைப்பதையும். வலைக்கண் அளவெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.