பசி அடங்கிய செய்தி மூளைக்கு எப்படிப் போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்பது இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடம். கையில் கால் பன்னிசௌ இருக்கும். ரொட்டியின் கால் பாகத்தை எடுத்து, நடுவைக் குடைந்து, சுகர் பீன்ஸ் என்ற உலர் பயற்றின் கறியை ஊற்றி, தோண்டிய மெத்தென்ற துண்டையே மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். வீட்டுப் பெரியவர்கள் கடை ரொட்டியைக் குறை சொல்கிறார்கள். எனக்கோ அந்தப் பத்து நிமிடத்தின் மேல்தான் கோபம்.

வயிறு நிறைந்ததை மூளை ஒரே நொடியில் அறிவதில்லை. இரைப்பை விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. இந்தத் தகவல் விரைவாகவே போய்விடும். ஆனால் உள்ளே வந்தது சோறா, வெறும் தண்ணீரா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது குடல். கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைத்து, போதும் என்ற உணர்வையும் தூண்டுகிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹார்மோன், சாப்பிட்ட பிறகு படிப்படியாகத்தான் குறைகிறது. இவையெல்லாம் கூடிவர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் ரொட்டியை முடித்த மாணவர், அந்தச் செய்தி வருவதற்குள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்திருப்பார்.

ஹார்மோன்களோடு கதை முடிவதில்லை. சாப்பிட்டோம் என்ற நினைவும் பசியை ஆள்கிறது. அமெரிக்காவில் உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கடுமையான மறதி நோய் கொண்ட இருவருக்கு மதிய உணவு முடிந்த 10 முதல் 30 நிமிடங்களுக்குள் மறுபடியும் முழுச் சாப்பாடு வைத்தார்கள். முதல் சாப்பாடு நினைவில் இல்லாததால் அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை வைத்தபோதும் பெரும்பாலும் கை வைத்தார்கள். வயிறு நிறைந்திருந்தும் நினைவு காலியாக இருந்தது. நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களுக்கும் இதன் சாயல் உண்டு: தொலைக்காட்சி பார்த்தபடி சாப்பிட்டவர்கள் அன்றே பிற்பாடு அதிகமாகக் கொறிக்கிறார்கள் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்று பாட்டிமார் அதட்டியதில் உடலியல் இருந்திருக்கிறது.

பன்னிசௌவை இதற்கென்றே செய்ததுபோல் எனக்குத் தோன்றும். மூடியைக் குழம்பில் தோய்த்துத் தொடங்கி, சுவரை மேலிருந்து கீழாகக் கிள்ளிக் கிள்ளித்தான் உண்ண முடியும். அவசரப்பட்டால் குழம்பு முழங்கை வரை வழியும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தால் 20 நிமிடம் தானாகவே கழியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் ஒரே அளவு கலோரி தரும் உணவுகளைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், டப்பா பீன்ஸ் 168 பெற்றது. வெண்ணெய் மிகுந்த குரோசாங் 47-இல் நின்றது. பீன்ஸின் நார்ச்சத்தும் புரதமும் செய்கிற வேலை அது. கோதுமையில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பீன்ஸில் தாராளமாக உண்டு. பீன்ஸில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைக் கோதுமை ஈடுசெய்கிறது. புரட்டாசியில் இறைச்சியையும் மீனையும் விலக்கும் டர்பன் தமிழ் வீடுகளின் பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டணி பெரிய துணை.

குறைவது காய்கறிதான். கூடவே தரும் கேரட், வெங்காய, மிளகாய்ச் சம்பலைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதை இரட்டிப்பாகக் கேட்டு வாங்கி, ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டால், அதன் வைட்டமின் சி பீன்ஸிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும். மாதவிடாயில் இரும்புச்சத்தை இழக்கும் மாணவிகளுக்கு இது இன்னும் அவசியம். தேநீரிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இதற்கு நேர்மாறாக இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.