கம்யூனிட்டி டயலாக்: இதை தமிழ்ல எப்படி சொல்றது?

குடும்பக் கட்டுப்பாடு சேவை பத்தின அறிக்கை, ட்ரெய்னிங் கையேடு எதை எடுத்தாலும் "கம்யூனிட்டி டயலாக்"னு (ஊர் ஜனங்க கூடி உக்காந்து பேசறது) ஒரு வார்த்தை வந்துடும், தமிழ்ல எழுதுறவங்க பாதி பேர் அதை "விழிப்புணர்வுக் கூட்டம்"னு போட்டுட்டு போயிடறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க.

நமக்கு டயலாக்னாலே சினிமா வசனம்தான், "சும்மா டயலாக் விடாத"ன்னு திட்டறதுக்கும் அதேதான். மூலம் கிரேக்கம், தியாலொகோஸ். லோகோஸ்னா சொல், பேச்சு. முன்னாடி இருக்கற தியாவை "ரெண்டு"ன்னு நினைச்சுக்கிட்டு, ரெண்டு பேர் பேசினாதான் டயலாக்னு விளக்கம் குடுக்கறவங்க நிறைய. ஆனா தியான்னா ஊடே, குறுக்கே. வட்டத்தைக் குறுக்கே அளக்கற அளவை டயாமீட்டர்ங்கறோமே, அதே டயாதான். அப்போ பேச்சு ஆளுங்க ஊடே போய் வரணும், அது ரெண்டு பேரா அம்பது பேராங்கறது கணக்கே இல்ல.

தமிழ்ல இதுக்கு உரையாடல்ங்கற சொல் அழகா இருக்கு. உறவாடு, வாதாடு மாதிரி இந்த "ஆடு"வுக்கும் எதிர்ல ஒருத்தர் வேணும் (நீராட ஆள் வேணாம்தான், அது வேற கணக்கு). உரையாற்றுறது வேற, உரையாடுறது வேற. மைக்கைப் பிடிச்சு ஒருத்தர் பேச மத்தவங்க கேட்டுட்டு எழுந்து போனா அது உரையாற்றுனது, விழிப்புணர்வுக் கூட்டம் முக்காவாசி இதுதான். "பேச்சுவார்த்தை"யும் ஒத்து வராது, சம்பள பேரம், எல்லைத் தகராறு மாதிரி கேக்கும். கூட்டமா உக்காந்து பேசறதால கலந்துரையாடல்னு போடலாம், அது இன்னும் பொருத்தம்.

கம்யூனிட்டிக்குதான் சிக்கல். லத்தீன்ல கொம்யூனிஸ்னா பொதுவானது, அதுலேர்ந்து வந்தது. நாம சமூகம், சமுதாயம்னு போடறோம், ரெண்டும் வடமொழி வழி, அது பரவாயில்ல, ஆனா "எந்த சமூகம்?"னு கேட்டா நம்மாளு ஜாதியைச் சொல்லிடுவான். அதனால "ஊர்"னு வைக்கலாம்னு எனக்குத் தோணுது. ஊர்ப்பேச்சுன்னு மட்டும் வெச்சுடாதீங்க, வம்பாயிடும்.

அடுத்தது ஃபேமிலி பிளானிங். பிளானிங்னா திட்டமிடல், நாம அதைக் கட்டுப்பாடு ஆக்கிட்டோம். 1914ல அமெரிக்க நர்ஸ் மார்கரெட் சாங்கர் பரப்புன "பர்த் கன்ட்ரோல்" (பிறப்புக் கட்டுப்பாடு)ங்கற சொல்லோட வாடைதான் அதுல அடிக்குது, யாரோ நம்மளைக் கட்டுப்படுத்தற மாதிரி. 1968ல டெஹ்ரான்ல நடந்த ஐ.நா. மனித உரிமை மாநாட்டுலயே எத்தனை குழந்தை, எவ்வளவு இடைவெளிங்கறதை முடிவு பண்றது பெத்தவங்க உரிமைன்னு சொல்லியாச்சு, 1994ல கெய்ரோல நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டுல 179 நாடு கூடி, ஆள் கணக்கு டார்கெட்டை விட தகவல் தெரிஞ்சு தானா எடுக்கற முடிவுதான் முக்கியம்னு வந்துட்டாங்க. அதனால குடும்பத் திட்டமிடல்தான் சரியான சொல், ஆனா பேசறப்போ கட்டுப்பாடுன்னாதான் சட்டுனு புரியுதுங்கறதும் உண்மை.

டயலாக்ங்கற சொல்லை இங்க ஏன் விடக்கூடாதுன்னா, ஜனங்க சேவைக்கு வராததுக்குக் காரணம் பெரும்பாலும் வெளிய வராத கேள்விதான். காப்பர் டி (கர்ப்பப்பைக்குள்ள வைக்கற கருத்தடை சாதனம்) நெஞ்சுக்கு ஏறிடுமா, வாசெக்டமி (ஆம்பளைங்களுக்குப் பண்ற கருத்தடை ஆபரேஷன்) பண்ணா ஆண்மை போயிடுமா, கருத்தடை மாத்திரை போட்டா பின்னால குழந்தையே தங்காதா. இதெல்லாம் மேடைக்கு முன்னாடி யாரும் கேக்க மாட்டாங்க, மாமியார், புருஷன், புதுசா கல்யாணம் ஆனவங்கன்னு தனித்தனியா உக்கார வெச்சு அப்புறம் சேத்தா மெதுவா வரும். பதிலும் மழுப்பாம வரணும். காப்பர் டி கர்ப்பப்பையிலேர்ந்து நெஞ்சுக்குப் போக வழி இல்ல, ஆனா மொதல் சில மாசம் உதிரப்போக்கு கூடலாம். வாசெக்டமில விந்தணு வர்ற குழாயை மட்டும்தான் அடைக்கறாங்க, ஹார்மோன் ரத்தத்துல எப்பவும் போல கலக்கும், ஆனா மொதல் 3 மாசம் வேற பாதுகாப்பு வேணும். மாத்திரையை நிறுத்தினா கரு தங்கும், கருத்தடை ஊசின்னா சில மாசம் தள்ளிப் போகலாம். இந்த "ஆனா"வை முழுங்கிட்டா அது பிரச்சாரம். கேட்டுட்டு ஒருத்தங்க வேண்டாம்னு போனாலும் அது டயலாக்தான்.

பங்கேற்புன்னு எழுதறதுலயும் கவனம் வேணும், வந்து கையெழுத்து போட்டவங்க எண்ணிக்கை வருகைப்பதிவு, பங்கேற்பு இல்ல.

ஆக நான் எழுதினா "குடும்பத் திட்டமிடல் குறித்த ஊர்க் கலந்துரையாடல்"னு எழுதுவேன். நீளம்தான், போஸ்டர்ல இடம் பத்தலைன்னா "குடும்பத் திட்டமிடல்: கூடிப் பேசுவோம்" போதும்.