ரயில் நகர்ந்தாலும் முகவரி நகராது

பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "2ஜி காலத்தில் நெல்லையில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறியதும் பாட்டு ஒன்றை டவுன்லோட் போடுவேன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று டவர் மாறிக்கொண்டே போகும். பாட்டு மட்டும் அறுபடாமல் எப்படி வந்தது?"

நல்ல கேள்வி. 2ஜியின் ஜிஎஸ்எம் வலையமைப்பு பேசுவதற்காகக் கட்டப்பட்டது. 2000-ஐ ஒட்டி அதில் நெட் தரும் ஜிபிஆர்எஸ் வசதி வந்தபோது, தரவுக்கென்று இரண்டு கணுக்களை, அதாவது வலையமைப்புக்குள் வேலை பார்க்கும் இரண்டு கருவிகளை, புதிதாகச் சேர்த்தார்கள்.

முதலாவது எஸ்ஜிஎஸ்என். நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், உங்கள் சிம்முக்கு நெட் உண்டா என்பதெல்லாம் இதன் பொறுப்பு. இரண்டாவது ஜிஜிஎஸ்என், இணையத்துக்கான வாசல். போனுக்கு ஐபி முகவரி தருவது இதுதான். பழைய போன்களில் செட்டிங்ஸில் ஏபிஎன் என்று ஒன்றைத் தட்டி வைப்போமே, அது இந்த வாசலின் பெயர்.

சரி, உங்கள் ஐபி முகவரிக்கு வரும் பாட்டுத் துண்டுகள் வாசல்வரைதான் தாமாக வரும். நீங்களோ ரயிலில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இருக்கிறது.

வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகும் மகளுக்கு யார் எதை அனுப்பினாலும் நெல்லை பார்சல் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். அல்வா டப்பா ஒன்று வருகிறது. ஆபீசில் அதைப் பிரிப்பதில்லை. அப்படியே ஒரு சாக்கில் போட்டு, மேலே 'மதுரை ஆபீஸ்' என்றும் ஓர் எண்ணும் எழுதி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். மதுரையில் எண்ணைப் பார்த்து, சாக்கைப் பிரித்து, டப்பாவை அவளிடம் சேர்க்கிறார்கள். மகள் திருச்சிக்கு மாறினால் திருச்சி ஆபீஸ் நெல்லைக்குச் சொல்லிவிடும்: "இனி அவள் சாக்கு எங்களுக்கு, இந்த எண்ணில்." மதுரையில் தேங்கிய டப்பாக்களும் திருச்சிக்குப் போய்விடும். அல்வா அனுப்பியவருக்கு இது எதுவுமே தெரியாது.

நெல்லை ஆபீஸ் ஜிஜிஎஸ்என். மதுரையும் திருச்சியும் எஸ்ஜிஎஸ்என்கள். பொட்டலத்துக்குள் பொட்டலம் வைக்கும் இந்த முறைக்கு ஜிடிபி என்று பெயர். சாக்கின் மேல், அது யாருடையது என்று காட்டுவது 32 பிட் எண்.

உங்கள் பாசஞ்சர் வண்டியில் இவ்வளவுகூட நடந்திருக்காது. ஒரு எஸ்ஜிஎஸ்என் பல டவர்களைப் பார்த்துக்கொள்ளும். போனே அடுத்த டவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்த நேரம் பாட்டு சற்றுத் திணறும், தொலைந்த துண்டுகள் மறுபடி வரும். ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால்தான் பெரும்பாலும் சாக்கு வேறு ஆபீசுக்கு மாறும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இதைப் படமாக வரைந்து மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மொபைல் வலையமைப்புக்கான மென்பொருள் எழுதும் ஆஸ்மோகாம் திட்டத்தில் இரண்டு கணுக்களும், யாரும் திறந்து பார்க்கக்கூடிய திறமூல மென்பொருளாகவே கிடைக்கின்றன, சாதாரணக் கணினியில் ஓடும். கட்டடத்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் எடுத்து இப்படி ஓர் ஆய்வகம் வைத்தால், பிள்ளைகள் அந்தச் சாக்கைத் தாங்களே பிரித்துப் பார்ப்பார்கள்.

4ஜியில் கணுக்களின் பெயர்கள் மாறின, ஜிடிபி மாறவில்லை. மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் துபாயில் இறங்கி நம்மூர் சிம்மிலேயே ரோமிங்கில் நெட் போடுகிறார் என்றால், வழக்கமாக அவர் கேட்கும் பக்கம் முதலில் இந்தியாவிலுள்ள வாசலுக்கு வந்து, அங்கே சாக்கில் ஏறி, கடல் தாண்டி அவர் கைக்குப் போகிறது.