சாரம்: கொத்தனார் சொல், நரம்பு மருத்துவத்தில்

என் பெரியப்பா கட்டட மேஸ்திரியாக இருந்தவர். 20 வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியவர், வாசலில் நின்று காலைக் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குடா, கல்லு குத்தினாலும் தெரிய மாட்டேங்குது" என்றார்.

அவருக்குச் சொல்வதற்காகத்தான், சர்க்கரையால் கெட்ட நரம்பை மீட்கும் ஆராய்ச்சிகளைப் படிக்க ஆரம்பித்தேன். திரும்பத் திரும்ப வந்து நின்ற சொல் 'ஸ்கேஃபோல்ட்'. சட்டகம், தாங்கமைப்பு, கட்டமைப்பு என்று தமிழில் பலவாறு எழுதலாம்தான். நான் அவரிடம், "நரம்பு வளர்றதுக்கு உள்ள ஒரு சாரம் கட்டுவாங்க பெரியப்பா" என்றேன். அவர் உடனே கேட்டார்: "வேலை முடிஞ்சதும் பிரிச்சிருவாங்களா?"

இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வியே அதுதான். சட்டகம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அது தோன்றியிருக்காது. கதவுச் சட்டம் வீடு உள்ளவரை சுவரில் இருக்கும். கட்டமைப்பு என்பது கட்டடத்தையே குறிக்கும். இவற்றில் பிரிப்பதற்கென்றே கட்டப்படுவது சாரம் ஒன்றுதான்.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. உயரமான மேடை என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. தண்டனை நிறைவேற்றும் மேடைக்கும் அதே பெயர். 1993இல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வக்காண்டியும் 'சயின்ஸ்' இதழில் திசுப் பொறியியல் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, செல்கள் ஒட்டி வளர்வதற்கான தாங்கு பொருள் என்ற பொருளில் அது ஆய்வுக்கூடங்களில் வேகமாகப் பரவியது.

தமிழில் 'சாரம்' என்றால் சத்து, உட்கருத்து என்பது வடமொழி வழி வந்த பொருள். யாழ்ப்பாணத்தில் சாரம் என்பது இடுப்பில் உடுத்துவது. அது மலாய்ச் சொல்லோடு உறவுடையது. கொத்தனார் சொல்லும் சாரம் வேறு. அதை 'சார்தல்' என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சவுக்குக் கம்பும் கயிறுமாகச் சுவரைச் சார்ந்து நிற்கிறது; வளரும் சுவரும் ஆட்களும் அதைச் சார்ந்து மேலே போகிறார்கள்.

இனி நரம்புக்கு வருவோம். அறுந்த நரம்பின் மறுபக்கம் சிதைந்துபோகும் என்பதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கில் கண்டு எழுதினார். ஆனால் அந்த இழையைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள் அங்கேயே வரிசையாக நின்று, புதிதாக முளைக்கும் ஆக்ஸான் என்ற நரம்பிழைக்கு வழி காட்டுகின்றன. உடம்பு தானே கட்டிக்கொள்ளும் சாரம் அது. ஆக்ஸான் வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இடுப்பருகே தொடங்கிப் பாதம்வரை 1 மீட்டர் வளர வேண்டுமானால் 3 வருடத்துக்குப் பக்கம் ஆகும்.

வெட்டு நீளமாக இருந்தால் வழி தொலைந்துவிடும். அங்கேதான் செயற்கைச் சாரம்: ஒரு சிறு குழலை இரு முனைகளுக்கும் நடுவே வைத்துத் தைக்கிறார்கள். மாட்டின் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம், இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், தானே கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிகிளைகோலிக் அமிலம் ஆகியவற்றில் இந்தக் குழல்கள் வந்திருக்கின்றன. பொதுவாக 3 சென்டிமீட்டர் வரையிலான இடைவெளிக்குத்தான் இவை. முன்பு சிலிக்கோன் ரப்பர் குழலும் வைத்துப் பார்த்தார்கள். அது கரையாது. நரம்பு வளர்ந்த பிறகு அதையே நெருக்கிப் பிடித்துக்கொண்டது. சிலருக்கு அதை எடுக்க இன்னொரு அறுவை தேவைப்பட்டது. பிரிக்காமல் விட்ட சாரம்!

ஆகவே ஸ்கேஃபோல்ட் என்பதற்குச் சாரம் என்றே எழுதலாம். உடலில் தானே மறைவதைக் 'கரைசாரம்' எனலாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை: கரைந்த சாரம், கரைகின்ற சாரம், கரையும் சாரம். நரம்பு வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும் பொருளுக்கு முக்காலமும் அடங்கிய பெயர் கிடைப்பது நம் மொழியின் கொடை. 'பயோமெட்டீரியல்' என்பதை உயிர்ப்பொருள் என்று எழுதினால், டைட்டானியம் என்ற உலோகத்துக்கும் உயிர் இருக்கிறதோ என்று படிப்பவர் குழம்புவார். உடல் ஏற்றுக்கொள்ளும் பொருள் என்பதுதான் கருத்து. 'உடலிணக்கப் பொருள்' என்றால் தெளிவாக இருக்கும்.

சர்க்கரை நோயில் நிலைமை வேறு. அங்கே நரம்பு எங்கும் அறுபடவில்லை, நெடுகப் பட்டினி கிடக்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் கெடுகின்றன. மிகுந்த குளுக்கோஸ் சார்பிட்டால் என்ற பொருளாக மாறி நரம்பின் உள்ளே சேர்கிறது. மிக நீண்ட நரம்புகள் முதலில் அடிபடுவதால்தான் மரமரப்பு கால்விரலில் தொடங்குகிறது. தைத்து இணைக்க இரண்டு முனை இல்லை. குழல் வைக்க இடமும் இல்லை.

ஆனால் சாரம் நிற்பதற்கு மட்டுமா? சித்தாள்கள் அதன்மேல் நின்றுதானே சாந்துச் சட்டியைக் கைமாற்றுகிறார்கள்! ஆய்வாளர்கள் இப்போது அந்தக் கைமாற்றும் வேலையைத்தான் சாரத்திடம் கேட்கிறார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986இல் நோபல் பெற்றார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சர்க்கரைக்காரர்களுக்கு ஊசியாகப் போட்டு, 1,019 பேரைச் சேர்த்து, 48 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2000இல் வெளிவந்தது. எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிச்சம். அதனால், இத்தகைய காரணிகளை ஹைட்ரோஜெல் என்ற நீர் நிறைந்த கூழில் ஏற்றி, தேவைப்படும் இடத்தில் வைத்து, மெல்ல மெல்லக் கசியவிடும் முயற்சிகள் நடக்கின்றன. இவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தைக் கொடுத்துச் சர்க்கரை வரவழைத்த எலிகளோடு நிற்கின்றன. தரையும் ஒரு சிக்கல்: உடம்பின் கொலாஜனிலேயே சர்க்கரை ஒட்டி விறைத்துப்போன இடத்தில் எந்தச் சாரமும் நன்றாக ஊன்றாது. இரத்தச் சர்க்கரையை அடக்குவது அந்தத் தரை மேலும் கெடாமல் காக்கும் வேலை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு இப்போதைக்குக் கட்ட மாட்டாங்க" என்றார் பெரியப்பா. ஆமாம் என்றேன். மறுநாள் பின்பட்டை வைத்த செருப்பு வாங்கி வந்தோம். இரவில் படுக்குமுன் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். கண்ணுக்குப் பிடிபடாத இடத்தைப் பெரியம்மா பார்த்துச் சொல்கிறாள்.