கல்ட் படம்: தமிழில் எப்படிச் சொல்வது?

முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டினால், யாராவது ஒருவர் “படம் கல்ட் ப்ரோ” என்று சொல்லிவிட்டுப் போகிறார். படம் வெளியாகி மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும். கல்ட் என்பது அவ்வளவு சீக்கிரம் கிடைக்கிற பட்டம் இல்லை. ஒரு சிறு கூட்டம் விடாமல் கொண்டாடிக்கொண்டே இருக்கிற படம்தான் கல்ட் படம். பெரும்பாலும் படப்பெட்டி திரும்பிப் போன பிறகுதான் அந்தக் கதையே தொடங்கும்.

லத்தீனில் கோலெரே என்று ஒரு வினைச்சொல் உண்டு. நிலத்தை உழுது பயிர் செய்வது, ஓரிடத்தில் குடியிருப்பது, ஒன்றைக் கவனித்துப் பராமரிப்பது, தெய்வத்தை வணங்குவது என எல்லாம் அதற்குள் அடங்கும். அதிலிருந்து பிறந்த கல்டுஸ் என்ற சொல், பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து கல்ட் ஆனது. கல்ச்சர், அக்ரிகல்ச்சர் எல்லாம் இதற்குப் பங்காளிகள். தமிழும் கிட்டத்தட்ட இதே வரப்பில்தான் நடந்திருக்கிறது. நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனிதர்கள் பண்படுவதைப் பண்பாடு என்கிறோம். கல்ச்சருக்கு இணையாகப் பண்பாடு என்ற சொல்லைக் கொடுத்தவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. என்பார்கள். ரசிகர்களைப் பற்றிய சொல்லைத் தேடிப் போகும்போது ஒரு ரசிகமணி எதிரே வருவது நல்ல சகுனம்தான்.

ஆங்கிலத்தில் கல்ட் முதலில் வெறும் வழிபாடு. அப்புறம் ஒரு சிறு கூட்டம் ஒன்றின் மேல் வைக்கும் தீவிரப் பற்று. மூளைச்சலவை செய்யும் மதக்குழு என்ற கெட்ட பொருளும் ஒட்டிக்கொண்டது. சினிமாவோடு அது கெட்டியாகச் சேர்ந்தது 1970களில், நியூயார்க்கின் நள்ளிரவுக் காட்சிகளில். எல்ஜின் என்ற தியேட்டரில் 1970 டிசம்பரில் எல் டோப்போ என்ற படத்தை நடுராத்திரியில் ஓட்டினார்கள். வழக்கமான விளம்பரம் இல்லாமலே வாய்வழிச் செய்தியாகக் கூட்டம் சேர்ந்தது.

ஆனால் சொல்லுக்கு முழு உருவம் கொடுத்தது தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ. 1975இல் வெளியாகி மண்ணைக் கவ்விய படம். 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாக வந்தது. அதன் பிறகு பார்வையாளர்கள் திரையோடு பேச ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் ஒரு கல்யாணக் காட்சி வரும், உடனே இருக்கைகளிலிருந்து அரிசி பறக்கும். நாயகி மழையில் தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பார்க்கிறவர்களும் ஆளுக்கொரு செய்தித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள், பின்வரிசைக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் மழை பெய்விப்பார்கள். விருந்துக் காட்சியில் கோப்பையை உயர்த்தி ‘டோஸ்ட்’ என்றதும் திரையை நோக்கி வறுத்த ரொட்டித் துண்டுகள் போகும். தியேட்டரைக் கூட்டிப் பெருக்கியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

தொலைக்காட்சியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடர் 1966இல் அமெரிக்காவில் தொடங்கியது. பார்ப்பவர்கள் குறைவு என்று நிறுத்தப் பார்த்தார்கள். ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள், மூன்றாவது பருவமும் வந்தது. 79 பகுதிகளோடு 1969இல் முடிந்தபோது அது தோல்வித் தொடர். உள்ளூர் நிலையங்கள் அதையே மறுஒளிபரப்பிய பிறகுதான் கூட்டம் பெருகியது. பிரிட்டனில் 1963இல் தொடங்கிய டாக்டர் ஹூ கதை இன்னும் சுவாரசியம். பழைய டேப்புகளை பிபிசியே அழித்துவிட்டது. 1960களின் பகுதிகள் பல இன்று படமாக இல்லை. ஆனால் காணாமல் போன பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. காரணம், அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். நிறுவனம் தூக்கிப் போட்டதை ரசிகன் எடுத்து வைத்திருக்கிறான்.

நம் ஊரில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்த்தோமே, அது கல்டா? இல்லை. தெருவே பார்த்தது, வேறு சேனலும் இல்லை. பாட்ஷாவும் இல்லை, அது ஊரே கொண்டாடிய வெற்றி. வெளியானபோது கவனிக்காமல் விட்டு, டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்து நெஞ்சில் ஏற்றிய அன்பே சிவம் (2003) அந்தப் பெயருக்குப் பொருந்தும். ஆயிரத்தில் ஒருவனும் (2010) அப்படித்தான்.

சரி, தமிழில் என்ன? வழிபாட்டுப் படம் என்று நேராக மாற்றினால் ஆடி மாதத்து அம்மன் படம்தான் கண்முன் நிற்கும். தீவிர ரசிகர் படம் என்றால் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் வந்துவிடும். நடிகருக்கு ரசிகர் என்பது வேறு. கல்ட் ரசிகருக்குச் சில சமயம் நடிகர்களின் பெயர்கூடத் தெரியாது, வசனம் மட்டும் தலைகீழாகத் தெரியும். இரண்டு பேர் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள், மூன்றாமவர் விழிப்பார். இலக்கணத்தில் இதைத்தானே குழூஉக்குறி என்றார்கள், பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போல! அதை வைத்துக் குழூஉப்படம் என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை.

எனக்குப் பிடித்தது பேணு என்ற வினை. உடம்பைப் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம். குறிஞ்சிப்பாட்டில் ‘கடவுட் பேணி’ என்று வருகிறது, அங்கே அதற்கு வழிபட்டு என்று பொருள். பராமரிப்பும் வழிபாடும் ஒரே சொல்லில், லத்தீன்காரர் வைத்திருந்தது போலவே. டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்தவனுக்கும் அரிசிப் பொட்டலத்தோடு தியேட்டருக்குப் போனவனுக்கும் இது சரியாகப் பொருந்துகிறது. ஆகவே கல்ட் படம் பேணுபடம், கல்ட் தொடர் பேணுதொடர். பேணிய படம், பேணுகிற படம், பேணும் படம் என்று மூன்று காலத்தையும் தாங்கும் வினைத்தொகை. அதனால் நடுவில் ஒற்று மிகாது, பேணுப்படம் என்று எழுதிவிடாதீர்கள்.