எண்பது நிமிடக் கணக்கு

இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டாவான (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு) டி 960-இன் முதல் பகுதியில் ஒரு மறுவாசிப்புக் குறி இருக்கிறது. அதன்படி திரும்பப் போய் வாசித்தால் சொனாட்டா முழுவதும் 40 நிமிடத்தைத் தாண்டும். குறியைக் கண்டுகொள்ளாமல் கடந்தால் 35 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். நேரம் மிச்சம் என்று சட்டென விட்டுவிடவும் முடியாது. திரும்பும் இடத்தில் ஒன்பது பார்கள் (தாள அளவுக் கட்டங்கள்) உள்ளன. திரும்பாதவருக்கு அவை இல்லவே இல்லை. தொடக்கத்தில் கீழ்ச்சுரத்தில் மெல்ல உறுமிய ட்ரில் (இரு பக்கத்துச் சுரங்களின் வேகமான மாறாட்டம்) முழு பலத்தோடு வெடிப்பது அந்த ஒன்பது பார்களில் மட்டும்தான். அதை ஒருமுறை கேட்டவர்களுக்குக் குறியை மதிப்பதே சரி என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்தாறு நிமிடத்தை அதே மாலையின் வேறொரு படைப்பிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

பியானோ தனிக்கச்சேரி ஒன்றில் பொதுவாக 75 முதல் 85 நிமிடம் வரை இசை இருக்கும். நடுவே 15 அல்லது 20 நிமிட இடைவேளை, கைத்தட்டல், மேடைக்கு வந்து போகும் நேரம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். 1840 ஜூனில் பியானோ கலைஞர் லிஸ்ட் லண்டனில் நடத்திய தன் கச்சேரியை ‘ரிசைட்டல்’ என்ற பெயரில் விளம்பரம் செய்தார். அதுவரை பியானோ கலைஞர்கள் பாடகர்களோடும் வாத்தியக்குழுவோடும் மேடையைப் பகிர்ந்துகொள்வதே வழக்கம். மனப்பாடமாக வாசிக்கும் பழக்கத்தை அவரும் பியானோ கலைஞர் கிளாரா ஷூமானும் பரப்பினார்கள். அன்று முதல் ஒரே மூளையும் இரண்டு கைகளும் ஒரு வாத்தியமும்தான் மாலை முழுவதையும் தாங்குகின்றன. எந்தப் படைப்புக்குப் பின் எது என்ற முடிவில் ரசனைக்கு எவ்வளவு பங்கோ, இந்த மூன்றின் தாங்குதிறனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

டி 960-ஐ வைத்தே ஒரு நிகழ்ச்சியை அமைத்துப் பார்க்கலாம். அது முதல் பாதியில் வரலாமா? அதன் தொடக்கம் மிக மெல்லிய ஒலியில் நகரும் நிறைந்த சுரக்கூட்டுகள். பியானோவில் கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் கீழே இறங்கும். சுத்தியல் கம்பியைத் தொட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும்போதே பொறியமைப்பு அதைக் கைவிட்டுவிடும். மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தில் பறந்து கடக்க வேண்டும். அழுத்தம் சற்றே மெதுவாகப் போனாலும் அது கம்பியை எட்டாமல் திரும்பிவிடும். கட்டை இறங்கியிருக்கும், ஒலி வராது. மேடைக்கு வந்த முதல் சில நிமிடங்களில் அட்ரினலின் ஏறி, விரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கை குளிர்ந்து, நுண்ணிய நடுக்கமும் இருக்கும். அந்த நிலையில் ஷூபர்ட்டின் முதல் பக்கத்தைத் தொட்டால், கூட்டின் நடுச்சுரங்கள் இரண்டொன்று காணாமல் போவது உறுதி. எனவே டி 960-க்கு இடம் இரண்டாம் பாதி.

அதற்கு முன் நிரப்ப வேண்டியது 35 நிமிடம். முதலில் ஹேடனின் சி மைனர் சுருதிச் சொனாட்டா (1771), ஏறத்தாழ 18 நிமிடம். நடுத்தர வேகத்தில் தொடங்குகிறது. சுரங்கள் குறைவு, தெளிவு அதிகம், கைகள் சூடாகும்வரை பொறுத்துக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்றே. இதயம் வேகமாகத் துடிக்கும்போது சரியான வேகமும் மந்தமாகப் படும். ஆகவே மேடையில் முதல் சுரத்துக்கு முன், அந்தப் பகுதியிலேயே மிக நெருக்கமான சுரங்கள் வரும் வரியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, அதிலிருந்து வேகத்தை எடுப்பது நல்லது.

அடுத்தது ப்ரோகோஃபியேவின் 7-ஆம் சொனாட்டா, அதுவும் சுமார் 18 நிமிடம். 1943-இல் மாஸ்கோவில் பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் முதன்முதலில் மேடையேற்றிய படைப்பு இது. கடைசிப் பகுதி எட்டில் ஏழு தாளத்தில் மூன்றரை நிமிடம் போல மூச்சு விடாமல் அடித்துக்கொண்டே போகும். இங்கே முதலில் தோற்பது விரலல்ல, முன்கை. தொடர்ந்து இறுகிய தசைக்குள் ரத்தம் போதிய அளவு பாயாது. முன்கை கல்லாகி மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். கடைசிப் பக்கத்தில் ஒலியைக் கூட்ட வேண்டிய நேரத்தில் கூட்ட எதுவும் மிச்சமிராது. ஒவ்வொரு கூட்டுக்கும் இடையே ஒரு நொடியின் பின்னமாவது மணிக்கட்டைத் தளர்த்தப் பழகுவதும், கடைசிப் பக்கத்தில் தாங்கும் வேகத்தை முதல் பக்கத்திலேயே வைப்பதும்தான் தீர்வு. இந்தப் பகுதிக்குப் பின் உடனே ஆக்டேவ்களை (ஒரே சுரத்தைக் கீழும் மேலுமாகச் சேர்த்து அடிப்பது) ஓயாமல் கேட்கும் இன்னொரு படைப்பை வைப்பவர் தன் கைகளை மதிக்காதவர். இங்கே நல்லவேளையாக இடைவேளை வருகிறது.

அந்த இடைவேளை வாத்தியத்துக்கும் தேவை. பெரிய கச்சேரிப் பியானோவில் 88 கட்டைகளுக்குச் சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து 20 டன் அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்கின்றன. நடு, மேல் பகுதிகளில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். ஓங்கி அடிக்க அடிக்க அந்த மூன்றில் ஒன்று துளி நழுவும். ஒரு கம்பி 440 ஹெர்ட்ஸிலும் பக்கத்துக் கம்பி 441-லும் அதிர்ந்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். ப்ரோகோஃபியேவின் வேகத்தில் அது எவர் காதிலும் விழாது. ஷூபர்ட்டின் இரண்டாம் பகுதியில், நீண்டு நிற்கும் தனிச்சுரத்தில், அது அலையலையாகக் கேட்கும். இப்படி ஒரு வரிசையை அமைத்தால், இடைவேளையில் டியூனர் (சுருதி சேர்ப்பவர்) வேண்டும் என்று அரங்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 15 நிமிடத்தில் முழுப் பியானோவையும் சுருதி சேர்க்க முடியாது. நழுவிய கம்பிகளை மட்டும் சரிசெய்ய முடியும். அது போதும்.

மிகக் கடினமான கணக்கு நினைவுடையது. விரல்களின் பழக்கம் ஒரு சங்கிலி. ஒவ்வோர் அசைவும் அடுத்ததைத் தூண்டுகிறது. ஒரு கண்ணி அறுந்தால் பாதியிலிருந்து பிடிக்க இடமில்லை. சொனாட்டா வடிவத்தில் இதற்கென்றே ஒரு பொறி உண்டு. ஒரு பகுதியின் முற்பாதியில் வந்த பொருள் பிற்பாதியில் திரும்ப வரும்போது, பல பார்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். பிறகு ஓரிடத்தில் வேறு சுருதிக்குத் திரும்பும். அந்தக் கவையில் விரல்கள் பழைய பாதையில் போய்விட்டால், வாசிப்பவர் மறுபடி முற்பாதிக்குள் இருப்பார். அங்கிருந்து வெளியேற வழி, அந்தச் சுற்றை இரண்டாம் முறையாக முழுக்க வாசிப்பதுதான். இந்தக் கவைகளைப் பென்சிலால் குறித்து, இரண்டு பாதைகளையும் அடுத்தடுத்து வாசித்து வேறுபாட்டைப் பெயரிட்டு வைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்: ‘இங்கே இடதுகை ஒரு சுரம் கீழே’ என்பது போல.

உளவியலாளர் ராஜர் சாஃபினும் பியானோ கலைஞர் கேப்ரியேலா இம்ரேயும் சேர்ந்து, இசையமைப்பாளர் பாகின் இத்தாலியக் கான்செர்ட்டோ என்ற படைப்பின் கடைசிப் பகுதியை இம்ரே மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நினைவிலிருந்தே எழுதச் சொன்னபோது, பிரிவுகளின் தொடக்கங்கள் நன்றாக நினைவில் இருந்தன; அவற்றிலிருந்து தள்ளிப் போகப் போக மறதி கூடியது. அதாவது நினைவு என்பது குதித்து ஏறக்கூடிய படிகளின் தொகுப்பு. ஒரு சொனாட்டாவுக்கு இருபது முப்பது படிகளாவது அமைத்து, எதிலிருந்து சொன்னாலும் தொடங்கப் பழக வேண்டும். பாதி வேகத்தில், பெடல் இல்லாமல், இடதுகையை மட்டும் மனப்பாடமாக வாசிப்பது மிகக் கொடிய சோதனை. பழகிய வேகம் போய்விட்டால் விரல் சங்கிலி வேலை செய்யாது. உண்மையில் தெரிந்தது மட்டும் மிஞ்சும். மேடையில் எங்கே சறுக்குமோ, அங்கேதான் இந்தச் சோதனையிலும் கை நிற்கும்.

இசைக்குறிப்பை வைத்துக்கொண்டு வாசிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ரிக்டர் 1980-க்குப் பிறகு இருட்டிய அரங்கில் ஒரு சிறு விளக்கும் குறிப்புப் புத்தகமுமாகத்தான் வாசித்தார்.

நினைவின் இந்த இயல்பினால்தான் ஒருவரின் படைப்புக் கையிருப்பு எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. இந்தப் பருவத்தில் வாசிப்பவை, உறங்குபவை, புதிதாகக் கற்பவை என்று அடுக்குகள் உண்டு. ஒருமுறை கற்று மறந்ததைத் திரும்பக் கற்க நேரம் குறைவாகவே ஆகும் என்று 1885-இலேயே உளவியலாளர் எப்பிங்ஹாஸ் அளந்து காட்டினார். கற்று, சில மாதம் உறங்கவிட்டு, மீண்டும் எடுத்த படைப்பு முதல்முறையைவிட உறுதியாக நிற்கும். அரங்குகள் ஓராண்டுக்கும் முன்பே நிகழ்ச்சி நிரலைக் கேட்பதால், ‘அதற்குள் கற்றுவிடலாம்’ என்ற ஆசை எழும். ஒரே நிகழ்ச்சியில் முற்றிலும் புதிய பெரிய படைப்பு ஒன்றுக்கு மேல் வேண்டாம். நம் உதாரணத்தில் ப்ரோகோஃபியேவ் புதிது என்றால், ஷூபர்ட் பலமுறை மேடை கண்டதாக இருக்க வேண்டும். ஒரே பருவத்துக்கு ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அதையே வாசிக்கும் பியானோ கலைஞர் கிரிகோரி சோகோலோவின் வழிக்குப் பின்னாலும் இந்த நியாயம் இருக்கிறது.

சுருதி உறவையும் பார்க்க வேண்டும். ப்ரோகோஃபியேவ் முடிவது பி ஃபிளாட் சுருதியில். ஷூபர்ட் தொடங்குவதும் அதே பி ஃபிளாட் மேஜரில். இரும்புப் பட்டறையாக விட்டுப்போன அதே சுரத்துக்கு, இருபது நிமிடம் கழித்து அமைதியாகத் திரும்புவது அழகு. இடைவேளை இல்லாமல் ஒட்டி வைத்தால் அழகு கெடும். பேத்தோவனின் கடைசி மூன்று சொனாட்டாக்களில் இதைவிட நுட்பமான உறவு உண்டு. ஓபஸ் (படைப்பு எண்) 109 ஈ மேஜர், 110 ஏ ஃபிளாட் மேஜர், 111 சி மைனரில் தொடங்கி சி மேஜரில் முடிகிறது. ஈ-யிலிருந்து நான்கு அரைச்சுரம் ஏறினால் ஏ ஃபிளாட், இன்னும் நான்கு ஏறினால் சி, இன்னும் நான்கில் மறுபடி ஈ. பன்னிரண்டு அரைச்சுரத்தையும் மூன்று சமபாகமாக வெட்டிய வட்டம். மூன்றும் சேர்ந்து 65 நிமிடத்தைச் சற்றே தாண்டுவதால், பலர் இடைவேளையே இல்லாமல் வாசிக்கிறார்கள்.

அரங்கு கடைசி நேரத்தில் தன் பங்கைக் கேட்கும். எதிரொலி 2 நொடி நிற்கும் கூடத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் கால்தட்டுச் சுரங்கள் வாசித்தால் நொடிக்கு எட்டு; ஒன்று முற்றாக அடங்குவதற்குள் பதினாறு சுரங்கள் அதன்மேல் ஏறிவிடும். அங்கே வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பெடலைப் பாதியாக்கி, விரலைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். ஒத்திகையின்போது காலி நாற்காலிகள். மாலையில் மனிதர்களும் உடைகளும் மேல்சுரங்களை உறிஞ்சிக்கொள்வார்கள். பிற்பகலில் பளீரென்று இருந்த பியானோ இரவில் மங்கினால், பதறி ஓங்கி அடிக்கத் தேவையில்லை.

என்கோருக்கு (ரசிகர்கள் கேட்டு இறுதியில் கூடுதலாக வாசிப்பது) எப்போதும் பழைய, சிறிய, கைக்கு அடங்கிய படைப்பு: இரண்டு முதல் ஐந்து நிமிடம். அந்நேரம் அட்ரினலின் வடிந்திருக்கும், கவனம் தளர்ந்திருக்கும். புதிதாகக் கற்றது எதுவும் அப்போது நிற்காது. ஷூபர்ட்டின் துள்ளலான கடைசிப் பக்கத்துக்குப் பின் ஸ்கார்லாட்டியின் 555 சிறு சொனாட்டாக்களில் ஒன்று நன்றாக உட்காரும். ஓபஸ் 111 சி மேஜரில் காற்றோடு கரைந்து முடிந்த மாலையில் எதையும் வாசிக்காமல், வணங்கிவிட்டுப் பியானோவின் மூடியை இறக்கிவிடலாம்.