கதிரியக்க அயோடின் சிகிச்சை: உப்பைத் தவிர்ப்பதும் தனித்திருப்பதும் எதற்காக?

தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றிய பிறகு, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவர்கள் கதிரியக்க அயோடின் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். சிகிச்சை என்று பார்த்தால் ஒரு காப்ஸ்யூலையோ சில மில்லிலிட்டர் திரவத்தையோ விழுங்குவது மட்டும்தான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வரும் கட்டுப்பாடுகள் ஒரு வீட்டின் அன்றாடத்தையே மாற்றிவிடுகின்றன. சமையலில் வழக்கமான உப்பு கூடாது, பால் கூடாது, மீன் கூடாது. அகற்றிய சுரப்பியின் ஹார்மோனுக்கு ஈடாக விழுங்கும் தைராக்சின் மாத்திரையை வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும். மருத்துவமனையில் சில நாள்கள் யாரும் வராத அறையில் இருக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகும் குழந்தையைத் தூக்கக்கூடாது. ஏன் என்று விளக்கப்படாத கட்டுப்பாடு, கேட்பவர் மனத்தில் அச்சமாகவே தங்கும். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை, தைராய்டு செல் அயோடினை எப்படி உள்ளிழுக்கிறது, இந்தச் சிகிச்சையில் தரப்படும் கதிரியக்க அயோடினான அயோடின்-131 எப்படிச் சிதைகிறது என்ற இரண்டு செய்திகளிலிருந்தே வருகின்றன.

தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்க அயோடின் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அதாவது ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. இவ்வளவு சிறிய அளவு இரத்தம் முழுவதும் பரவிக் கிடக்கும்போது அதைத் தேடிப் பிடித்துச் சேர்க்க, தைராய்டு செல்லின் சவ்வில் சோடியம்-அயோடைடு கடத்தி என்ற புரதம் அமைந்திருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே நுழையும் வேகத்தைப் பயன்படுத்தி, அவற்றோடு ஓர் அயோடைடு அயனியையும் இது செல்லுக்குள் கொண்டுவருகிறது. இதனால் இரத்தத்தில் இருப்பதைவிட 20 முதல் 40 மடங்கு செறிவில் அயோடைடு தைராய்டில் சேர்கிறது. அயோடைடு அயனி கதிரியக்கம் உள்ளதா இல்லாததா என்று இந்தப் புரதத்துக்குத் தெரியாது. இரண்டையும் அது ஒன்றுபோலவே ஏற்றுக்கொள்கிறது. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு தன்மையை நம்பித்தான் நிற்கிறது.

கடத்திப் புரதத்தின் மரபணு அடையாளம் காணப்பட்டது 1996-இல்தான் என்றாலும், மருத்துவம் அதன் பயனை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. 1936 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஒரு சொற்பொழிவின் முடிவில், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா என்று சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் கேட்டார். 1938-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் லிவிங்குட், கிளென் சீபோர்க் ஆகியோர் அயோடின்-131-ஐக் கண்டறிந்தனர். 1941-இல் ஹெர்ட்ஸ், மிகையாகச் சுரக்கும் தைராய்டுக்காக முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் அளித்தார். புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்திய நியூயார்க் மருத்துவர் சாமுவேல் சைட்லினும் அவருடைய குழுவினரும், தைராய்டு அகற்றப்பட்ட பிறகும் ஹார்மோன் மிகுந்து அவதிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி 1946-இல் எழுதினார்கள். உடலின் பிற இடங்களுக்குப் பரவியிருந்த புற்றுச் செல்கள் அங்கும் தைராய்டு செல்களைப் போலவே அயோடினை இழுத்து ஹார்மோன் தயாரித்துக்கொண்டிருந்தன. பரவிய செல்லும் பிறந்த இடத்தின் பழக்கத்தை விடுவதில்லை என்பது அப்போது தெளிவானது.

எல்லாத் தைராய்டு புற்றுகளுக்கும் இது பொருந்தாது. பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகள் அயோடினை உள்ளிழுக்கும் செல்களிலிருந்தே தோன்றுகின்றன. ஆகவே அவற்றுக்குப் பயன்படும். மெடுல்லரி வகை வேறொரு செல்லிலிருந்து தோன்றுவதால் அதற்கு இந்தச் சிகிச்சையே இல்லை. பாப்பில்லரி புற்றிலும் சில சமயம் செல்கள் கடத்திப் புரதத்தை இழந்துவிடுவதுண்டு. அப்போது அயோடினை எவ்வளவு கொடுத்தாலும் அது சென்று சேராது.

அயோடின்-131 அணு சிதையும்போது ஒரு பீட்டா துகளையும் காமா கதிரையும் வெளியிட்டு, செனான் என்னும் வாயுவாக மாறுகிறது. இதில் நோயைத் தாக்குவது பீட்டா துகள். திசுவுக்குள் அது செல்லும் தொலைவு பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, மிஞ்சிப்போனால் 2 மில்லிமீட்டர். ஆகவே அயோடின் சேர்ந்த செல்லும் அதன் அண்டைச் செல்களும் அழிகின்றன. சற்றுத் தள்ளியிருக்கும் குரல் நரம்போ உணவுக்குழாயோ பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. காமா கதிரோ உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உடலுக்குள் அயோடின் எங்கே தங்கியிருக்கிறது என்று படம் எடுக்க உதவுவதும், அருகில் இருப்பவர்மேல் விழுவதும் இந்தக் காமா கதிர்தான். இந்தியாவில் இந்த மருந்துக்கான அயோடின்-131, மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் டெல்லூரியம் ஆக்சைடை நியூட்ரான்களால் தாக்கித் தயாரிக்கப்படுகிறது.

உணவுக் கட்டுப்பாட்டின் காரணத்தை ஒரு கணக்கே விளக்கிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் வழக்கமாகத் தரப்படும் அளவுகளில் ஒன்று 100 மில்லிக்யூரி (மில்லிக்யூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு). எண்ணைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் அதில் உள்ள அயோடின்-131-இன் எடை 1 மைக்ரோகிராமைக்கூட எட்டாது. நம் நாட்டில் கடையில் விற்கும் அயோடின் கலந்த உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஐந்து கிராம் கொள்ளும் ஒரு தேக்கரண்டி உப்பிலேயே 75 மைக்ரோகிராம் சாதாரண அயோடின் இருக்கிறது. உடலில் அது நிறைந்திருந்தால் கடத்திப் புரதங்கள் அதையே ஏற்றிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையில் ஏறக்குறைய நூறு மடங்கு குறைவான மருந்தணுக்களுக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால்தான் சிகிச்சைக்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு, அன்றாட அயோடினை 50 மைக்ரோகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். அயோடினுக்கு ஏங்கியிருக்கும் செல், கிடைத்ததைத் தயங்காமல் இழுத்துக்கொள்ளும்.

நம் சமையலறையில் இதன் பொருள் என்ன? கடல் மீன், இறால், கருவாடு, பால், தயிர், மோர், முட்டையின் மஞ்சள் கரு, கடற்பாசியிலிருந்து செய்யும் அகர் அகர் ஆகியவை விலக்கப்பட வேண்டியவை. கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பிஸ்கட், ஹோட்டல் சாப்பாடு ஆகியவற்றில் எந்த உப்பு சேர்ந்தது என்பது நமக்குத் தெரியாது. அவற்றையும் விட்டுவிடுவதே நல்லது. சோறு, பருப்பு, காய்கறி, பழம், நல்லெண்ணெய், வீட்டில் அரைத்த மசாலா ஆகியவற்றுக்குத் தடை இல்லை. பால் இல்லாத ரசமும் கூட்டும் பொரியலும் இரண்டு வாரம் தாங்கும். மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது: புண்ணுக்குப் போடும் பெட்டாடின், சி.டி. ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றும் சாயமருந்து, இதயத்துக்கான அமியோடரோன் ஆகிய மூன்றிலும் அயோடின் மிகுதி. சாயமருந்து ஏற்றியிருந்தால் சிகிச்சையைச் சில வாரங்கள் தள்ளிப்போட நேரிடும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அயோடின் குறைந்த உணவு வேறு, உப்பில்லாத உணவு வேறு. தடை அயோடினுக்கே அன்றிச் சோடியத்துக்கு இல்லை. வயதானவர்கள் உப்பையே அடியோடு விட்டுவிட்டு, ஹார்மோன் குறைந்த நிலையில் தண்ணீரையும் அதிகமாகக் குடிக்கும்போது இரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறைந்து, மயக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். அயோடின் கலக்காத உப்பைப் பயன்படுத்தலாம். எதை வாங்குவது என்று சிகிச்சை தரும் மருத்துவமனையின் அணு மருத்துவத் துறையிலேயே கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. அதேபோல, மீன் ஒவ்வாமை உள்ளவர் இந்த மருந்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மீன் ஒவ்வாமைக்குக் காரணம் மீனிலுள்ள புரதம், அயோடின் அன்று.

தைராக்சின் மாத்திரையை நிறுத்துவதுதான் பலருக்கும் மிகக் கடினமான பகுதி. கடத்திப் புரதத்தை அதிகமாக உண்டாக்கும்படி செல்லைத் தூண்டுவது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோன். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால்தான் பிட்யூட்டரி இதை மிகுதியாகச் சுரக்கும். இரத்தத்திலுள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், டி.எஸ்.எச். தேவையான 30 என்ற அளவைத் தாண்ட மூன்று முதல் நான்கு வாரங்கள் மாத்திரை இல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வாரங்களில் முகம் வீங்கும், குளிர் தாங்காது, மலம் இறுகும், படியேறினால் கால் கனக்கும், சொல்ல வந்த வார்த்தை நாவில் நிற்கும், காரணமின்றிக் கண் கலங்கும். இவை மனத்தளர்ச்சியோ புற்று திரும்பியதன் அறிகுறியோ அல்ல. மருத்துவம் திட்டமிட்டே உண்டாக்கிய ஹார்மோன் பற்றாக்குறை. மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை வண்டி ஓட்டாமல் இருப்பதும், அலுவலகத்திலும் வீட்டிலும் பொறுப்புகளைப் பிறரிடம் கொடுத்துவிடுவதும் அவசியம். இதற்கு மாற்றாக, செயற்கையாகத் தயாரித்த டி.எஸ்.எச்.-ஐ அடுத்தடுத்த இரண்டு நாள்கள் ஊசியாகப் போட்டு, மூன்றாம் நாள் அயோடின் கொடுக்கும் முறையும் உண்டு; அப்போது மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அதன் விலைதான் நம்மூரில் பலருக்கு எட்டாமல் இருக்கிறது.

சிகிச்சை நாளன்று பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்து, கர்ப்பம் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே மருந்து தருவார்கள். தடித்த ஈயக் குடுவைக்குள் இருக்கும் சிறிய குப்பியைத் திறந்து, காப்ஸ்யூலை விரலால் தொடாமல் நேரே வாயில் சரித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வேண்டும். வலி இல்லை, சூடு இல்லை, உடலில் எதுவும் தெரியாது. பிறகு கதவு மூடப்படும். அறையில் தொலைபேசி, ரிமோட், கைப்பிடிகள் எல்லாம் பிளாஸ்டிக் தாளால் சுற்றப்பட்டிருக்கும். வியர்வையிலும் உமிழ்நீரிலும் சிறிதளவு அயோடின் வெளியேறுவதே காரணம். மிகப் பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. எனவே நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே கழிக்க வேண்டும். இரண்டு முறை நீர் ஊற்ற வேண்டும். அந்தக் கழிவுநீர் நேராக ஊர்ச் சாக்கடைக்குப் போவதில்லை. கதிரியக்கம் தணியும்வரை தனித் தொட்டிகளில் தேக்கி வைத்த பிறகே விடப்படுகிறது.

அயோடின்-131-இன் அரைவாழ்வு, அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 8 நாள் என்று கேட்டதும் பலர் மலைத்துப்போகிறார்கள். அது அணுவின் கணக்கு மட்டுமே. சுரப்பி அகற்றப்பட்ட உடலில் அயோடினைப் பிடித்துவைக்க எஞ்சிய சிறு திசுவைத் தவிர வேறு இடமில்லை என்பதால், சிறுநீரகங்கள் ஒழுங்காக இயங்கும் ஒருவருக்குக் கொடுத்த மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாள்களிலேயே வெளியேறிவிடும். ஊழியர் ஒரு மீட்டர் தொலைவில் நின்று கருவியால் அளந்து, விதித்த எல்லைக்குள் வந்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்.

வீட்டில் காமா கதிரைக் குறைக்கும் வழி தொலைவும் நேரமும்தான். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினால் மேலே விழும் கதிர் நான்கில் ஒன்றாகிறது. மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒன்று. ஆகவே தனியாகப் படுப்பதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருப்பதும், தட்டு, தம்ளர், துணிகளைத் தனியே கழுவுவதும் எத்தனை நாள் தேவை என்பதை மருத்துவமனை எழுதித் தரும். அதைக் கடைப்பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒருவரை ஒதுக்கி வைக்கக் கூடாது. கதிரியக்கம் தொற்றுநோய் அன்று. கதிர் பட்ட மனிதரோ பாத்திரமோ தாமே கதிர் வீசத் தொடங்குவதில்லை. ஓர் அறையின் எதிர்மூலையில் அமர்ந்து பேசுவதில் எந்த ஆபத்தும் இல்லை. குறித்த நாள்கள் முடிந்த பின்னும் தனித்தட்டிலேயே சோறு போடப்படும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த அநீதிக்கு இயற்பியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஒன்று மட்டும்: விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் உள்ள நுண்ணிய கதிரியக்க உணர்கருவிகள் சில வாரங்கள் கழித்தும் ஒலி எழுப்பக்கூடும். பயணம் இருந்தால் மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சோடியம்-அயோடைடு கடத்தி தைராய்டில் மட்டும் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகள், இரைப்பை, பால் சுரக்கும் மார்பகம் ஆகியவற்றிலும் உண்டு. பக்கவிளைவுகள் இந்த வரைபடத்தையே பின்பற்றுகின்றன. முதல் நாளில் குமட்டல் வரலாம். காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கி வலிக்கலாம். உணவின் ருசி சில வாரங்கள் மாறலாம். சிலருக்கு வாய் வறட்சி நீடிக்கும். எலுமிச்சை மிட்டாய் சப்பி உமிழ்நீரை ஓடவைப்பது பழைய வழக்கம். ஆனால் முதல் மணிநேரத்திலேயே தொடங்கினால் சுரப்பிக்கு அதிக அயோடின் வந்து சேரக்கூடும் என்ற ஐயம் இருப்பதால், எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். பாலூட்டும் தாய் சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பாலூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அந்தக் குழந்தைக்கு மீண்டும் தாய்ப்பால் கொடுக்க முடியாது. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, தாய்க்கு மனத்தைத் தயார்படுத்த நேரம் தர வேண்டும். பெண்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஆண்களுக்குக் குறைந்தது மூன்று, நான்கு மாதங்கள். மிக அதிக அளவுகள் பலமுறை சேரும்போது வேறு புற்றுகளின் வாய்ப்பும் சிறிது கூடுகிறது. தேவையற்ற அயோடின் கூடாது என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

தேவை யாருக்கு என்பதில் அண்மை ஆண்டுகளில் மருத்துவம் நிறையக் கற்றிருக்கிறது. 2012-இல் வெளிவந்த இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள், எஞ்சிய திசுவை அழிக்க 30 மில்லிக்யூரி, 100 மில்லிக்யூரிக்கு இணையாகப் போதும் என்று காட்டின. 2022-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு, சிறிய, பரவாத புற்று உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, அயோடின் பெற்றவர்களில் 95.9 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 95.6 சதவீதத்தினரும் பிரச்சினை ஏதுமின்றி இருந்தனர். ஆகவே, “என் புற்று எந்த அபாயப் பிரிவில் இருக்கிறது, எனக்கு இது உண்மையில் தேவையா, எத்தனை மில்லிக்யூரி?” என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. நிணநீர் முடிச்சுகளில் கணிசமாகவோ நுரையீரலிலோ பரவியவர்களுக்கு விடை வேறு. அங்கே இந்தச் சிகிச்சை பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மருந்து விழுங்கிய சில நாள்களில், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், முழு உடல் ஸ்கேன் எடுக்கிறார்கள். கழுத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். அறுவையில் எஞ்சிய சாதாரணத் திசுவே பெரும்பாலும் அப்படித் தெரியும். இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை தெரிவதும் இயல்பே. அதன் பிறகான கண்காணிப்பு, தைராய்டு செல் மட்டுமே தயாரிக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பதைச் சார்ந்தது. சுரப்பியும் எஞ்சிய திசுவும் போன பிறகு அது ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும். பின்னாளில் ஏறத் தொடங்கினால் எங்கோ தைராய்டு செல்கள் இருக்கின்றன என்று பொருள். சிலருடைய இரத்தத்தில் இந்தப் புரதத்துக்கு எதிரான நோயெதிர்ப்பொருள் இருந்து அளவைப் பொய்யாக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பரிசோதிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறுபடுவதால், ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து, பழைய அறிக்கைகளை ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும்.